ரேங்குக்குப் பின்னால் ஒரு ‘பி’: ஆயத்த ஆண்டு பற்றி நம்ம பக்கத்து அனுபவங்கள்

கண்டனூர் கணக்கு வாத்தியார்:

ஐஐடி கவுன்சலிங் நேரத்தில் எங்கள் பள்ளிப் பையன் ஒருவன் பிரவுசிங் சென்டரிலிருந்து போன் போட்டான். “சார், ரேங்க் இருக்கு. ஆனா நம்பருக்குப் பின்னாடி பி-ன்னு ஒரு எழுத்து நிக்குது. சென்டர் அண்ணன் இது பெயிலுங்கிறார்.”

பெயில் இல்லை. ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டில் எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி பிள்ளைகள் ரேங்க் பட்டியலுக்கான கட் ஆஃபைத் தொடாவிட்டாலும், அதற்குக் கீழே இன்னொரு கட் ஆஃப் உண்டு. அதைத் தாண்டியவர்களுக்குத் தனிப் பட்டியல். அந்தப் பிரிவுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பாமல் கிடந்தால் இவர்களைக் கூப்பிடுவார்கள். ஒரு வருஷம் ஐஐடியிலேயே வைத்து இயற்பியல், வேதியியல், கணக்கு, இங்கிலீஷ் நடத்துவார்கள். பாஸானால் அடுத்த வருஷம் நேராக பி.டெக் முதலாண்டு, மறுபடி ஜேஇஇ கிடையாது. பிரிப்பரேட்டரி கோர்ஸ் என்று பெயர். முப்பது வருஷம் வாத்தியாராக இருந்த என் சக ஆசிரியர்களிலேயே பாதிப் பேருக்கு இது தெரியாது.

பையனுக்குச் சொல்லிப் புரிய வைத்துவிட்டேன். அப்பாதான் பெரிய பாடு. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை. பார்க்கப் போனபோது கண்ணாடிச் சட்டத்தின் மேல் அச்சை வைத்து, சின்னக் கரண்டியால் கலர்க் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றிக்கொண்டிருந்தார். அச்சை எடுக்கும்வரை வாய் திறக்கவில்லை. எடுத்து, மேலே காய்ந்த சிமெண்ட் மணல் கலவையைத் தூவிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“சார், கவர்மெண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கான ஏழரை சதவீத ஒதுக்கீட்டுல இஞ்சினியரிங் சீட்டு கெடைக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? பீஸு, ஆஸ்டலு எல்லாம் கவர்மெண்டு கட்டுதுன்னீங்க. அத விட்டுட்டு இதுல போயி ஒரு வருசம் படிச்சா, அந்த வருசம் டிகிரியில சேருமா?”

“சேராதுண்ணே. மொத்தம் அஞ்சு வருஷம்.”

“அப்ப இவன் சோட்டுப் பயலுக வேலைக்குப் போறப்ப இவன் படிச்சிக்கிட்டு இருப்பான்.”

நியாயமான கணக்கு. எனக்குப் பதில் வரவில்லை. ஒரு வருஷச் சம்பளம் என்பது அந்த வீட்டில் மகள் கல்யாணம். இதைப் புரியாதவர்கள்தான் ‘பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று மேடையில் பேசுகிறார்கள். கடைசியில் பையனோட அம்மாதான் முடிச்சை அவிழ்த்தது. “பன்னெண்டு வருசம் அவன் கேட்டா படிக்க வச்சோம்? பள்ளிக்கூடம் சும்மா இருந்துச்சு, போனான். இந்த ஒரு வருசந்தான் அவன் வாய்விட்டுக் கேக்குறது.”

பையன் போனான். முதல் இரண்டு மாசம் ராத்திரி ராத்திரி போன். பாடம் கஷ்டம் என்பதில்லை, மெஸ்ஸில் “என்ன பிராஞ்ச்?” என்று கேட்டால் என்ன சொல்வது என்றுதான். ‘பிரெப்’ என்றால் அடுத்த கேள்வி வராது, பேச்சு அங்கேயே நின்றுவிடும். நான் எதற்கும் தயாராக இருந்தேன், இதற்கு இல்லை. தீபாவளிக்கு வந்தபோது கணக்கு நோட்டைக் காட்டினான். நான் பிளஸ் டூவில் ‘இது பரீட்சைக்கு வராது’ என்று தாண்டிப்போன நிறுவல்களெல்லாம் அவன் கையெழுத்தில் இருந்தன. இப்போது பி.டெக் படிக்கிறான்.

இது மாதிரி போனவர்கள், போகாமல் விட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:

நான் சார் சொன்ன ஏழரை சதவீதத்தில் இஞ்சினியரிங் போனவள். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பெண்கள் பள்ளி, தமிழ் மீடியம். 2021-இல் பொறியியலுக்கும் அந்த ஒதுக்கீடு வந்திராவிட்டால் பி.எஸ்சி-யோடு நின்றிருப்பேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் சீட்டு கொடுத்தவர்கள் முதல் செமஸ்டருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. தொடக்கத்தில் அறிமுக வகுப்புகள் நடந்தன. யோகா, பாட்டு, ஆளுமை வளர்ச்சி. மறுநாள் நேராக மேட்ரிக்ஸ். மேடம் பேசுவதில் எந்த வார்த்தை கணக்கு, எந்த வார்த்தை சாதாரண இங்கிலீஷ் என்றே பிரிக்கத் தெரியாது. காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். ‘டிஃபரன்ஷியபிள்’ என்று நோட்டு முழுக்க எழுதி வைத்து, ராத்திரி பழைய பிளஸ் டூ புத்தகத்தைத் தேடினால் அது நம்ம வகையிடல் சமாச்சாரம்! நூற்றுக்கு நூறு வாங்கிய பாடம். அதில்தான் எனக்கு அரியர் விழுந்தது.

பிறகு எழுதி முடித்தேன், வேலையும் கிடைத்தது. என் ரூம்மேட் இரண்டாம் செமஸ்டரோடு போய்விட்டாள். என்னைவிடக் கெட்டிக்காரி. அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவில், மெக்கானிக்கல் இரண்டும் 2010-இலிருந்து தமிழ் வழியில் இருக்கிறது. என் பிராஞ்சில் அதுவும் கிடையாது. ஒரு வருஷம் வேண்டாம், ஆறு மாசம் யாராவது நிதானமாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் அவள் போயிருக்க மாட்டாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பள்ளத்தூர் அப்பச்சி பேரன்:

எங்கள் வீட்டில் சமையலுக்கு வரும் அக்காவின் மகன் கதை வேறு. நம்ம ஊர்களில் செட்டியார்கள் கட்டிய எய்டெட் (அரசு உதவி பெறும்) பள்ளிகள்தான் அதிகம். பீஸ் கிடையாது, பக்கத்திலேயே இருக்கு, அங்கேதான் சேர்த்தார்கள். ஏழரை சதவீதம் அரசுப் பள்ளிக்கு மட்டும், எய்டெடுக்கு இல்லை என்பது விண்ணப்பம் போடும்போதுதான் தெரிகிறது. ஆயிரம் ரூபாய் தமிழ்ப் புதல்வன் உதவித்தொகையில் எய்டெட் தமிழ் மீடியத்தையும் சேர்த்தார்கள். சீட்டில் சேர்க்கவில்லை. ஒரே தெரு, ஒரே கஷ்டம், பள்ளியின் போர்டு மட்டும் வேறு.

அவன் இப்போது ஐஐடி மெட்ராஸின் டேட்டா சயின்ஸ் பி.எஸ் பட்டப்படிப்பு படிக்கிறான். ஜேஇஇ வேண்டாம். நாலு வாரப் பாடத்தை ஆன்லைனில் படித்து, வாராவாரம் அசைன்மெண்ட் கொடுத்து, நேரில் போய் ஒரு குவாலிஃபயர், அதாவது தகுதிப் பரீட்சை எழுத வேண்டும். தேறினால் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் நிலை. வருமானம் குறைந்த வீட்டுக்குக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. பகலில் கல்லுக்கட்டியில் கடை வேலை, ராத்திரி படிப்பு.

கோட்டையூர் மருமகன்:

ஃபவுண்டேஷன் என்றதும் ஞாபகம் வருகிறது. காரைக்குடியில் ஒரு ஹோட்டல் ஹாலில் வெளிநாட்டுப் படிப்புக் கூட்டம். மச்சினன் மகனை அழைத்துப் போனேன். “மார்க் கம்மியா? கவலையே படாதீங்க சார், லண்டன்ல ஃபவுண்டேஷன் இயர் இருக்கு, பின்தங்கினவங்களுக்குன்னே வச்சிருக்காங்க” என்றான் டை கட்டிய பையன். பீஸைக் கேட்டால் கானாடுகாத்தானில் ஒரு வீட்டை விற்கவேண்டும். பின்தங்கியவனுக்கு இது எப்படி?

பர்மிங்ஹாம் ஆச்சி:

அண்ணே, அவன் இரண்டு விஷயத்தை ஒன்றாகக் கட்டி விற்றிருக்கிறான். நான் இங்கே கல்லூரி அட்மிஷன் ஆபீஸில் வேலை பார்க்கிறேன்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான ஃபவுண்டேஷன் இயர் காசு கட்டிப் படிப்பது. ‘பின்தங்கியவர்களுக்கு’ என்பது தனி. 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டின் லேடி மார்கரெட் ஹால் கல்லூரி அப்படி ஒன்றைத் தொடங்கியது. 2022-இல் கேம்பிரிட்ஜ், 2023-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமே அஸ்ட்ரோஃபோரியா என்ற பெயரில். கேம்பிரிட்ஜில் படிப்புக்கோ தங்குவதற்கோ, எதற்கும் அந்த வருஷம் காசு வாங்குவதில்லை. நம்ம பிளஸ் டூ மாதிரியான ஏ லெவல் பரீட்சையில் வழக்கமாக ஏ-ஸ்டார் ஏ ஏ கிரேடு கேட்கும் இடத்தில் மூன்று பி போதும். பெற்றோர் இல்லாமல் அரசுப் பராமரிப்பில் வளர்ந்தவர்கள், நோயாளித் தாயைக் கவனித்தபடி படித்தவர்கள், பள்ளி மாறி மாறி அலைக்கழிந்தவர்கள், இவர்களுக்கு. ஆனால் எல்லாமே இங்குள்ள பிள்ளைகளுக்குத்தான், நம்ம ஊரிலிருந்து விண்ணப்பிக்க முடியாது. அந்த டை கட்டிய பையனுக்கு இது தெரியாமலிருக்காது.

மாற்றுத்திறனாளி மகனின் தந்தை:

வாத்தியார் ஐயா, என் மகனுக்குக் காது கேட்பது குறைவு. நாங்கள் எஸ்சி கிடையாது. அந்த ஆயத்த ஆண்டு எங்களுக்கும் உண்டா? பிளஸ் ஒன் படிக்கிறான்.

கண்டனூர் கணக்கு வாத்தியார்:

உண்டு தம்பி. மாற்றுத்திறனாளி என்றால் எந்தச் சாதியானாலும் சரி. குறைபாடு நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் சான்றிதழில் இருக்க வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் நடக்காது, இந்த லீவிலேயே சிவகங்கை மெடிக்கல் காலேஜுக்குப் போய் விசாரித்துவிடுங்கள். பையனுக்கு முன்னே எடுத்த காது டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.