பள்ளிக் கூடைப்பந்து அணியில் மூக்குத்தியும் கயிறும்: வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இவ்வாண்டு பள்ளிக் கூடைப்பந்து அணியில் சேர்ந்திருக்கிறாள். முதல் ஆட்டத்துக்கு முன், அவளுடைய மூக்குத்தியின் மேல் ஒட்டியிருந்த டேப்பைக் கண்ட நடுவர், நகையை மறைத்தால் போதாது, கழற்றினால்தான் ஆடலாம் என்று கூறிவிட்டார். மூக்கு குத்தி மூன்று வாரமே ஆகியிருந்ததால், திருகாணியைக் கழற்றும்போது அவள் கண் கலங்கிவிட்டது.

நடுவர்மீது எனக்குக் குறையில்லை. விரலோ பந்தோ பட்டால் காயம் அவளுக்குத்தான். தேசிய உயர்நிலைப் பள்ளிக் கூட்டமைப்பின் விதிகளைப் பின்னர் படித்தபோது, நகைக்குத் தடை உண்டு என்பதும், சமயப் பதக்கத்தை டேப் ஒட்டி உடைக்குள் அணியலாம் என்பதும், மருத்துவ எச்சரிக்கைப் பதக்கம் டேப் ஒட்டிய நிலையில் வெளியே தெரியலாம் என்பதும், தலைப்பட்டையின் அகலம் 3 அங்குலத்தையும் மணிக்கட்டுப் பட்டையின் அகலம் 4 அங்குலத்தையும் தாண்டக் கூடாது என்பதும் புரிந்தன.

அவள் கையில் பாட்டி கட்டிவிட்ட கறுப்புக் கயிறு இருக்கிறது; அதை அறுக்க அவளுக்கு மனமில்லை. சமயப் பதக்கத்துக்குரிய விலக்கு அந்தக் கயிற்றுக்கும் பொருந்துமா? மணிக்கட்டுப் பட்டைக்குள் அதை மறைத்துக்கொண்டு ஆட நடுவர்கள் அனுமதித்திருக்கிறார்களா? துளை தூர்ந்துவிடாமல், ஆட்ட நேரத்தில் மட்டும் மூக்குத்தியைக் கழற்றி வைக்கும் வழி தெரிந்தவர்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகளை இவ்விளையாட்டில் சேர்த்திருக்கும் பெற்றோர், உங்கள் அனுபவத்தை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆட்டம் வெள்ளிக்கிழமை.