குளச்சல் வலையில் வந்த பல்: அடையாளம் காண உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். குளச்சலில் கடலுக்குப் போகும் என் சித்தப்பாவின் வலையில், சுமார் 6 செ.மீ. நீளமுள்ள கரிய முக்கோணப் பல் ஒன்று சிக்கியது. அது ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போன மெகலோடான் சுறாவினுடையதா, இன்றும் வாழும் பெருவெள்ளைச் சுறாவினுடையதா என அறிய விரும்புகிறேன். மெகலோடானின் பல் 17 செ.மீ. வரை வளரும் என்றாலும் சிறியவையும் உண்டு என்பதால், அளவை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. வேருக்கும் எனாமலுக்கும் நடுவே வளைந்த பட்டையும், விளிம்பில் ரம்பம் போன்ற நுண்ணிய, சீரான வெட்டுகளும் மெகலோடானின் அடையாளங்கள். இந்தப் பல்லிலோ விளிம்பு தேய்ந்து, பட்டை இருக்க வேண்டிய இடத்தைச் சுண்ணாம்புப் படிவு மூடியிருக்கிறது. கத்தியால் சுரண்டச் சொல்கிறார்கள். தடயம் அழிந்துவிடும் என்பதால் நான் சம்மதிக்கவில்லை. படிவைச் சேதமின்றி அகற்றும் முறையைப் புதைபடிவங்களைக் கையாண்டவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். நாகர்கோவில் வட்டாரத்தில் நிலவியல் அறிந்தவர் எவரேனும் இருந்தால், பல்லை நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன்.