வயலின் தொகுப்புக்கு வரிசையும், பழைய கேசட்டுக்கு ஆளும் தேவை

வணக்கம். திருமங்கலத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. நாள் முழுக்கப் பாட்டுதான் துணை. அவருக்காக எனக்குப் பிடித்த வயலின் இசையைப் பென்டிரைவில் சேர்த்து வருகிறேன்.

முதலில் துவாரம் வெங்கடசாமி நாயுடு. பழைய இசைத்தட்டின் இரைச்சலையும் தாண்டி அந்த வில்லின் இழுப்பு மனதைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் லால்குடி ஜெயராமன். கேட்டால் யாரோ பாடுவது போலவே இருக்கும். கர்நாடகம், இந்துஸ்தானி இரண்டிலும் தேர்ந்த எம்.எஸ். கோபாலகிருஷ்ணனுக்குத்தான் அதிக இடம். டி.என். கிருஷ்ணனின் நிதானம் ராத்திரிக்கு. வலையப்பட்டியாரின் தவிலோடு குன்னக்குடி வைத்தியநாதன் வாசித்ததும் உண்டு, அது பெரியம்மாவின் நேயர் விருப்பம்.

சிக்கல் இதுதான்: அவருடைய சின்ன ஸ்பீக்கரில் வரிசை மாறிப்போகிறது. கோப்புப் பெயருக்கு முன் 01, 02 என்று போட்டும் பலனில்லை. இந்த வகை ஸ்பீக்கர்கள் பலவும் பெயரைப் பார்க்காமல், நகலெடுத்த வரிசையில்தான் வாசிக்கும். தோடி ஆலாபனை முடிந்ததும் வேறு ராகத்தில் கீர்த்தனை வந்தால் அவருக்கு மனசே ஒப்பாது. ஒவ்வொன்றாக நகலெடுக்காமல் வரிசையைச் சரிசெய்ய எளிய மென்பொருள் இருக்கிறதா?

இன்னொன்று. பெரியப்பா கச்சேரியில் நேரடியாகப் பதிந்த கேசட் ஒன்றில் பூஞ்சை பிடித்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் நாடாவும் போகும், ஹெட்டும் அழுக்காகும். சுத்தம் செய்து எம்பி3 ஆக மாற்றித் தருபவர் மதுரையில், டவுன்ஹால் ரோடு பக்கமோ வேறெங்கோ, இருந்தால் சொல்லுங்கள்.

ஏ. கன்யாகுமரி தவிர வேறு பெண் கலைஞர்களின் தனிக் கச்சேரிகளையும் பரிந்துரைத்தால் மகிழ்வேன்.