காலையில் டேலி திறப்பதில்லை, மாடியில் வேகம் 94-ஐத் தாண்டுவதில்லை: எங்கே தொடங்குவது?

கேள்வி: பில்போடுபவன் (ஈரோடு)

அனைவருக்கும் வணக்கம். ஜவுளி மொத்த விற்பனைக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். படித்தது பி.காம்.; ஆனால் கம்ப்யூட்டர் நின்றுபோனால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்பதால் நெட்வொர்க் வேலையும் என் தலையில் விழுந்துவிட்டது.

கீழ்த்தளத்தில் ஆறு கம்ப்யூட்டர்கள், எட்டு போர்ட் கொண்ட ஒரு சுவிட்ச் (கம்ப்யூட்டர்களைக் கேபிளால் ஒன்றிணைக்கும் பெட்டி), இணைய இணைப்பு தந்தவர்கள் பொருத்திய ஃபைபர் மோடம் ஆகியவை இருக்கின்றன. டேலி கணக்குகள் முழுவதும் அந்த ஆறில் ஒன்றில் உள்ளன. மற்றவர்கள் அதைப் பகிர்ந்து திறக்கிறார்கள். மாடிக் கிடங்கில் இரண்டு கம்ப்யூட்டர்களும் லேபிள் அடிக்கும் பிரிண்டரும் உண்டு. அங்கே வைஃபை எட்டாததால், ஆறு மாதங்களுக்கு முன் ஒரு ரௌட்டர் வாங்கி, கீழே உள்ள சுவிட்சிலிருந்து ஏறத்தாழ 35 மீட்டர் கேபிள் இழுத்து அதன் லேன் போர்ட் (உள் வலையமைப்புக்கான துளை) ஒன்றில் சொருகினார்கள்.

அன்றிலிருந்து சில நாள் காலையில் ஏதாவது இரண்டு மூன்று கம்ப்யூட்டர்களில் டேலியும் திறப்பதில்லை, இணையமும் வருவதில்லை. அணைத்துப் போட்டால் சில வேளை சரியாகிறது, சில வேளை இல்லை. மின்சாரம் போய் வந்த நாள்களில் தொல்லை அதிகம். நல்ல நாளில் என் கம்ப்யூட்டரின் முகவரி 192.168.1.23 என்றும், கெட்ட நாளில் 192.168.0.104 என்றும் குறித்து வைத்திருக்கிறேன். இது போதாதென்று, நாங்கள் 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டியும் மாடியில் வேகம் 94-க்கு மேல் ஏறுவதில்லை. மோடமே பழுது என்று முதலாளி கருதுகிறார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இத்துறையில் முறையாகக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறேன். இங்குள்ள பயிற்சி நிலையம் ஒன்று 45,000 ரூபாய்க்கு மூன்று சான்றிதழ்களைச் சேர்த்துத் தருவதாகவும் வேலை உறுதி என்றும் சொல்கிறது. சேரலாமா?

பதில் 1: கிரிம்பர்

மோடத்தைக் குறைசொல்ல வேண்டாம். தங்களிடம் இருப்பவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பழுதுகள். ஒரே நாளில் பொருத்திய ரௌட்டரோடும் கேபிளோடும் வந்ததால் ஒன்றுபோலத் தோன்றுகின்றன.

தாங்கள் குறித்து வைத்த இரண்டு முகவரிகளிலேயே முதல் பழுதுக்கு விடை இருக்கிறது. கம்ப்யூட்டர் இயங்கத் தொடங்கியதும் "எனக்கு ஒரு முகவரி வேண்டும்" என்று வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும்படி கூவுகிறது. அதற்கு விடைசொல்லி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வர் ஒன்றுதான் இருக்க வேண்டும். தங்கள் கடையில் மோடமும் விடைசொல்கிறது, மாடி ரௌட்டரும் விடைசொல்கிறது. பெரும்பாலும் எது முந்துகிறதோ அதன் முகவரியே ஒட்டிக்கொள்கிறது. ரௌட்டர் தரும் 192.168.0 வரிசை முகவரியை வாங்கிய கம்ப்யூட்டர், இணையத்துக்கு வழி கேட்டு அந்த ரௌட்டரிடமே போகும்; ரௌட்டரின் வேன் போர்ட்டிலோ (வெளி இணைப்பு வந்து சேரும் துளை) எதுவும் சொருகப்படவில்லை. டேலி இருக்கும் கம்ப்யூட்டர் வேறு வரிசையில் இருப்பதால் அதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. மின்சாரம் திரும்பியதும் ஃபைபர் மோடம் எழுந்து நிற்கச் சற்று நேரம் பிடிக்கும், சிறிய ரௌட்டர் அதற்குள் தயாராகிவிடும் என்பதால்தான் அந்த நாள்களில் தொல்லை கூடுகிறது.

உறுதி செய்ய, கெட்ட நாளில் கட்டளைச் சாளரத்தில் ஐபிகான்ஃபிக் கட்டளையை "ஆல்" என்ற சேர்க்கையுடன் (ipconfig /all) இயக்கி, டிஹெச்சிபி சர்வர் என்ற வரியில் எந்த முகவரி இருக்கிறது என்று பாருங்கள். 192.168.0.1 என்று வந்தால் ஐயமில்லை.

சரிசெய்வதற்கு, கீழிருந்து வரும் கேபிளை முதலில் கழற்றிவிட்டு, ஒரு மடிக்கணினியை மட்டும் மாடி ரௌட்டரோடு இணைத்து, அதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். பிறகு அந்தப் புதிய முகவரியில் மீண்டும் உள்ளே நுழைந்து டிஹெச்சிபியை அணைத்துவிட்டு, கேபிளை முன்பிருந்த லேன் போர்ட்டிலேயே சொருகுங்கள். மோடத்தில் பகிர்வு முகவரிகள் 192.168.1.100 முதல் 200 வரை என்று வரம்பிட்டு, பிரிண்டருக்கும் டேலி கம்ப்யூட்டருக்கும் அந்த வரம்புக்கு வெளியே நிலையான முகவரி கொடுத்துவிட்டால் அவை இனி இடம் மாறா.

94 என்ற எண்ணைப் பார்த்தால் எனக்குக் கேபிள் நினைவுதான் வருகிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் தலைப்புத் தகவல்களுக்குப் போக மிஞ்சுவது ஏறத்தாழ அவ்வளவுதான். நூறுக்கு நான்கு கம்பிகள் போதும் (1, 2, 3, 6). ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும். 4, 5, 7, 8 ஆகியவற்றுள் ஒன்று அறுந்திருந்தாலும், இணைப்பு ஓசையின்றி நூறுக்கு இறங்கிவிடும்.

பதில் 2: இரவுப்பணி

இவ்வளவு சிரமம் எதற்கு? கேபிளை வேன் போர்ட்டுக்கு மாற்றிச் சொருகினால் மாடி ரௌட்டரின் டிஹெச்சிபி கீழ்த்தளத்துக்கு வராது; ஒரு நிமிட வேலை.

கேபிளைப் பிரிப்பதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். குறைந்த விலை ரௌட்டர்கள் பலவற்றில் அட்டைப்பெட்டியின் மேல் 1200 என்று பெரிதாக எழுதியிருக்கும், அது 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 என்ற இரண்டு வைஃபை வேகங்களையும் கூட்டி மேல்நோக்கி முழுமையாக்கிய எண். கேபிள் போர்ட்டுகளோ வெறும் 100 ஆகவே இருக்கும். அப்படியானால் எவ்வளவு நல்ல கேபிள் போட்டாலும் பயனில்லை.

பதில் 3: கிரிம்பர்

போர்ட்டின் வேகத்தைப் பற்றி நண்பர் சொன்னது சரி. அதை முதலில் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டியது நான்தான். ஆனால் வேன் போர்ட் யோசனை இந்தக் கடைக்குப் பொருந்தாது. அப்போது மாடி ஒரு தனி வலையமைப்பாகிவிடும்; மாடியிலிருந்து கீழே உள்ள டேலியை அணுக முடிந்தாலும், கீழிருந்து மாடியில் உள்ள லேபிள் பிரிண்டரை ரௌட்டர் மறைத்துவிடும். ரௌட்டரில் அக்செஸ் பாயின்ட் நிலை (தனி வலையமைப்பு அமைக்காமல் வைஃபை மட்டும் தரும் நிலை) இருந்து அதைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே, வேன் போர்ட்டில் சொருகுவது பொதுவாக ஒத்துவரும்.

கேட்டவர்: பில்போடுபவன்

டிஹெச்சிபி சர்வர் வரியில் 192.168.0.1 தான் இருந்தது. தாங்கள் சொன்ன வரிசைப்படியே மாற்றினேன். நான்கு நாள்களாக டேலி மறுப்பேதுமின்றித் திறக்கிறது. நடுவில் இரண்டு முறை மின்சாரமும் போய் வந்தது.

ரௌட்டரின் போர்ட்டுகள் 1000 என்று பெட்டியில் இருக்கிறது, சுவிட்சும் அப்படியே. கேபிள் டெஸ்டர் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தபோது எட்டாவது விளக்கு எரியவில்லை. இரு முனைகளிலும் புதிதாக இணைப்பு முனையைப் பொருத்தி அழுத்தியும் (கிரிம்ப்) எரியாததால் கேபிள் போகும் வழியெல்லாம் தடவிப் பார்த்தேன். பரணுக்கு மேலே இரண்டு துண்டுகளை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி ஒட்டுப்போட்டிருந்தார்கள். பழுப்புக் கம்பி அங்கே விட்டுப்போயிருந்தது. முழுக் கேபிளையும் மாற்ற முதலாளியிடம் ஒப்புதல் வாங்கிவிட்டேன்.

பதில் 4: கிரிம்பர்

புதிய கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கேபிள் விலை குறைவு; ஆனால் வளைத்தால் எளிதில் முறியும், தடையும் கூடுதல். நிறங்களைத் தோன்றியபடி அடுக்காமல், இரு முனைகளிலும் வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற வரிசையைக் கடைப்பிடியுங்கள். ஒன்றோடொன்று முறுக்கிய கம்பி ஜோடிகள் மாறினாலும் அந்த மலிவு டெஸ்டரில் எட்டு விளக்குகளும் எரியும். தரவு ஓடும்போதுதான் சமிக்ஞைகள் ஒன்றோடொன்று கலக்கும் இரைச்சல் தெரியும்.

பதில் 5: பாக்கெட் எண்ணுபவர்

சான்றிதழ் பற்றிய கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டார்கள். "வேலை உறுதி" என்று ஒரு நிலையம் சொல்வதை நான் நம்புவதில்லை; மூன்று சான்றிதழ்களைச் சேர்த்துப் படிப்பதையும் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்றை ஒழுங்காகப் படியுங்கள்.

நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் அடிப்படைச் சான்றிதழான சிசிஎன்ஏவுக்கு இப்போது 200-301 என்ற ஒரே தேர்வுதான். 2020 பிப்ரவரியில் பழைய இரட்டைத் தேர்வு முறை முடிந்துவிட்டது. 120 நிமிடம், கட்டணம் 300 டாலர், வரி தனி. முன்தகுதி எதுவும் கேட்பதில்லை. சான்றிதழ் மூன்றாண்டுகளுக்குச் செல்லும். காம்ப்டியா என்ற அமைப்பின் நெட்வொர்க் பிளஸ் சான்றிதழ் எந்த நிறுவனத்தின் கருவியையும் சாராத பொது அடிப்படை. அதன் இப்போதைய என்10-009 வடிவம் 2024-இல் வந்தது. நம் ஊர் வேலை விளம்பரங்களில் நான் அடிக்கடி காண்பது சிசிஎன்ஏ என்ற பெயரைத்தான் என்பதால், பணம் ஒரு தேர்வுக்கு மட்டுமே இருந்தால் அதையே தேர்வு செய்வேன். பயிற்சிக்குச் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் (வலையமைப்பைத் திரையிலேயே கட்டிப் பார்க்கும் மென்பொருள்) இலவசம். ஆறு கம்ப்யூட்டர்களும் இரண்டு டிஹெச்சிபி சர்வர்களும் கொண்ட தங்கள் கடையை அதிலே கட்டி, அதே பழுதை வரவழைத்துப் பாருங்கள். பெரிய அலுவலகங்களில் இதைத் தடுக்க, சுவிட்சிலேயே டிஹெச்சிபி ஸ்னூப்பிங் என்ற காவலை வைக்கிறார்கள். அதுவும் பாடத்திட்டத்தில் உண்டு. கேள்வித்தாள்களைத் திருடி விற்கும் "டம்ப்" பக்கம் மட்டும் போகாதீர்கள். பிடிபட்டால் சான்றிதழே பறிபோகும், பிடிபடாவிட்டாலும் நேர்காணலில் தெரிந்துவிடும்.

தாங்கள் ஆயத்தமா என்று பார்க்க ஒரு கணக்கு. சப்நெட் மாஸ்க் (முகவரியின் எந்தப் பகுதி வலையமைப்பைக் குறிக்கிறது என்று காட்டும் எண்) 255.255.254.0 என்றிருந்தால் 192.168.0.104-உம் 192.168.1.23-உம் நேரடியாகப் பேசிக்கொள்ளும், ஆனால் 192.168.1.23-உம் 192.168.2.7-உம் பேசா. ஏன்?

கேட்டவர்: பில்போடுபவன்

இரண்டு நாள் தாளில் எழுதிப் பார்த்தேன். 254 என்றால் மூன்றாவது எண்ணில் முதல் ஏழு பிட்கள் (0, 1 என்ற இரும இலக்கங்கள்) மட்டும் ஒப்பிடப்படும், கடைசி பிட் கணக்கில் வராது. 0 என்பது 00000000, 1 என்பது 00000001; முதல் ஏழும் ஒன்றே. 2 என்பது 00000010. ஏழாவது பிட் மாறிவிடுகிறது. ஆகவே 0-உம் 1-உம் ஒரு வீடு, 2-உம் 3-உம் அடுத்த வீடு. சரியா ஐயா?

பதில் 6: பாக்கெட் எண்ணுபவர்

சரி. அந்த 45,000-ஐக் கட்ட வேண்டாம்.