கலைக்கப்பட்டிருந்த சேசு சபை 1838இல் அடிமைகளை எப்படி விற்றது?

கேள்வி:
திருத்தந்தை பதினான்காம் கிளமெண்ட் 1773இல் சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைக் கலைத்தார். 1814இல்தான் சபை உலகெங்கும் மீண்டும் நிறுவப்பட்டது. அந்த இடைக்காலத்தில் அமெரிக்காவின் மேரிலாந்திலிருந்த சபையின் தோட்டங்களும் அவற்றில் உழைத்த அடிமைகளும் யார் வசம் இருந்தனர்? 1838இல் அவர்களை விற்கும் உரிமை சபைக்கு எவ்வாறு வந்தது?

பதில் 1:
நிலங்கள் சபையின் பெயரில் அல்லாமல் தனித்தனிக் குருக்களின் பெயரிலேயே இருந்தன. ஆகவே சபை கலைந்தபோதும் அவை கைமாறவில்லை. முன்னாள் சேசு சபையினர், துறவற சபை சாராத மறைமாவட்டக் குருக்களாகத் தொடர்ந்தனர். அவர்களுள் ஒருவரான ஜான் கரோல்தான் அமெரிக்காவின் முதல் ஆயராகி, ஜார்ஜ்டவுன் கல்லூரியையும் நிறுவினார். 1792இல் மேரிலாந்து சட்டமன்றம் இக்குருக்களின் அமைப்பைச் சட்டப்படி அங்கீகரித்ததால், சொத்து முழுவதும் ஒரே பொறுப்பின் கீழ் வந்தது. ரஷ்ய அரசி இரண்டாம் கேத்தரின் கலைப்பு ஆணையை வெளியிட மறுத்ததால் ரஷ்யாவில் சபை பிழைத்திருந்தது (கத்தோலிக்கர் அல்லாத ஓர் அரசியின் தயவில் என்பதை நினைத்தால் வியப்புதான்). 1805இல் மேரிலாந்துக் குருக்கள் சிலர் அந்த ரஷ்யக் கிளையோடு இணைந்து மீண்டும் சேசு சபையினர் ஆயினர். சபை திரும்பி வந்தபோது நிலத்தோடு மனிதர்களும் அதற்காகக் காத்திருந்தனர்.

பதில் 2:
1838இல் மேரிலாந்துச் சேசு சபையினரின் தலைவர் தாமஸ் மல்லடி 272 பேரை 1,15,000 டாலருக்கு லூசியானாவின் தோட்ட உரிமையாளர்களுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது, அவர்களின் சமய வாழ்வுக்கு வழி செய்ய வேண்டும், பணத்தைக் கடன் அடைக்கப் பயன்படுத்தக் கூடாது என்று உரோமையிலிருந்த சபைத் தலைவர் யான் ரூத்தான் விதித்திருந்த நிபந்தனைகள் காற்றில் பறந்தன. முதல் தவணையான 25,000 டாலரில் 17,000 டாலர் கல்லூரிக் கடனுக்கே சென்றது. மல்லடி பதவியிழந்தார், விற்கப்பட்டவர்களுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

பதில் 3:
கல்லூரியின் கடனை மட்டுமே விற்பனைக்குக் காரணமாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. விடுதலை அளிப்பதும் சபைக்குள் பேசப்பட்ட ஒரு வழியே. விற்பனை அதற்கு மாறாக எடுக்கப்பட்ட முடிவு. அதே கல்லூரிக்கு 1873இல் தலைவரான பேட்ரிக் ஹீலி, ஜார்ஜியாவில் அடிமைத்தாய் ஒருவருக்குப் பிறந்தவர் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். விற்கப்பட்டவர்களின் வம்சாவளியினருடன் இணைந்து 10 கோடி டாலர் திரட்டுவதாக 2021இல்தான் சபை உறுதியளித்தது. அவர்கள் தம் முன்னோரைத் தேடுவதற்குத் துணைநின்ற ஆவணங்களில் திருமுழுக்குப் பதிவேடுகளும், 1838இல் நியூ ஆர்லியன்ஸ் சென்ற ‘கேத்தரின் ஜாக்சன்’ கப்பலின் பெயர்ப்பட்டியலும் உண்டு.