சின்னப் பிள்ளைகளோடு வெளியே: காசு அதிகம் பிடிக்காத விளையாட்டுகள், அளவோடு

மொட்டைமாடி:
இரண்டிலிருந்து ஏழு வயது வரை பிள்ளைகள் உள்ளவர்களுக்கான இழை இது. "குமிழி விடுங்கள், பட்டம் விடுங்கள்" என்று பட்டியல் போட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எவ்வளவு தண்ணீர், எந்த நூல், ஏன் கெட்டுப்போகிறது என்றுதான் யாரும் சொல்வதில்லை. தெரிந்ததை அளவோடு எழுதுங்கள். நான் குமிழியில் தொடங்குகிறேன்.

ஆறு டம்ளர் தண்ணீர், ஒரு டம்ளர் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, இரண்டு மேசைக்கரண்டி கிளிசரின். கிளிசரின் இல்லையென்றால் கால் டம்ளர் சர்க்கரைப் பாகு போதும். கை பிசுபிசுக்கும், எறும்பு வரும், அவ்வளவுதான். தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு அதில் சோப்பை ஊற்றி, நுரை வராமல் மெல்லக் கலக்குங்கள். மேலே நுரை நின்றால் அள்ளிப் போட்டுவிடுங்கள், நுரை பட்ட இடத்தில் படலம் கிழியும். மூடி ஒரு இரவு வைத்தால் கரைசல் இன்னும் நன்றாக நிற்கும்.

பெரிய குமிழிக்கு அரை மீட்டர் குச்சி இரண்டு. இரண்டின் நுனியையும் 50 செ.மீ. பருத்தி நூலால் இணையுங்கள். அதே நுனிகளிலிருந்து ஒரு மீட்டர் நூல் இன்னொன்று கீழே வளைந்து தொங்க வேண்டும், அதன் நடுவில் ஒரு வாஷர். நைலான் கயிறு சரிப்படாது, கரைசலைக் குடிக்காது. முக்கி எடுக்கும்போது குச்சிகள் சேர்ந்தே இருக்கட்டும். பிறகு மெதுவாக விரித்துப் பின்பக்கமாக நடக்க வேண்டும். குமிழியை விடுவிக்கக் குச்சிகளை மறுபடி சேர்த்தால் போதும்.

நான்கு வயதுக்குக் கீழே இந்தக் குச்சி வேண்டாம், நூல் சிக்குப் போட்டுவிடும். வளைத்த கம்பி வளையம் கொடுங்கள், முனையை உள்ளே மடித்துவிட்டு. ஸ்ட்ரா கொடுப்பதானால் நடுவில் ஊசியால் ஒரு துளை போட்டுக் கொடுங்கள். ஊதச் சொன்னால் உறிஞ்சுகிற வயது அது. துளை இருந்தால் காற்றுதான் உள்ளே வரும், சோப்புத் தண்ணீர் வாய்வரை ஏறாது.

விடியல்காரி:
கரைசலைவிட நேரம் முக்கியம். படலத்தில் உள்ள தண்ணீர் ஆவியாகித்தான் குமிழி உடைகிறது. அதனால் உச்சிவெயிலிலும் வறண்ட காற்றிலும் எவ்வளவு கிளிசரின் ஊற்றினாலும் வீண். அதிகாலை, மழை விட்ட பிறகு, மேகமூட்டம்: இவைதான் நேரம். காய்ந்த விரல் பட்டால் உடையும், கையைக் கரைசலில் நனைத்துக்கொண்டால் உள்ளங்கையில் உட்காரும். கம்பளிக் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டால் சிறிய குமிழியைப் பந்துபோலத் தட்டலாம். வழவழப்பான தரையில் விடாதீர்கள். இரண்டே நிமிடத்தில் தரை வழுக்கும். புல்தரையோ மண்தரையோதான் சரி.

தாழ்வாரம்:
பட்டத்தைப் பற்றி நான். ஐந்து வயதுவரை குச்சிப் பட்டமே வேண்டாம், ஏ4 தாள் ஒன்று போதும். தாளைக் குறுக்கே இரண்டாக மடியுங்கள். மடிப்பு ஓரத்தில், ஒரு முனையிலிருந்து 6.5 செ.மீ.யில் ஒரு புள்ளி, 9 செ.மீ.யில் இன்னொரு புள்ளி. அந்த முனைக்கு மேலே உள்ள இரு மூலைகளையும், பக்கத்துக்கு ஒன்றாக, முதல் புள்ளிக்கு வளைத்துக் கொண்டுவந்து ஸ்டேப்ளர் அடியுங்கள். வளைக்கத்தான் வேண்டும், அழுத்தி மடித்தால் காற்று பிடிக்காது. இரண்டாவது புள்ளியில் துளை, அதில் இரண்டு மீட்டர் தையல் நூல். வாலும் வேண்டாம், குச்சியும் வேண்டாம். பிள்ளை ஓடினால் பின்னாலேயே எழும்பும். துளை கிழிவதுதான் இதன் ஒரே நோய், அங்கே முன்கூட்டியே ஒட்டுநாடா போட்டுவிடுங்கள்.

ஆறு வயதுக்கு மேல் உண்மையான பட்டம் விடலாம். அதற்கு ஓடக் கூடாது. ஓடுகிற வேகத்தில் எழும்பும் பட்டம் நின்றதும் விழும். காற்று முதுகில் படும்படி நில்லுங்கள். இன்னொருவர் காற்று போகும் திசையில் 15–20 மீட்டர் தள்ளிப் பட்டத்தை உயர்த்திப் பிடிக்கட்டும், நூல் விறைப்பாக இருக்கட்டும். காற்று வீசும்போது அவர் விட, நீங்கள் இழுக்க வேண்டும். இலைகள் சலசலத்தால், காற்றின் வேகத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 2. இலையும் சிறு கிளையும் ஓயாமல் ஆடினால் 3. இரண்டும் சேர்ந்து மணிக்கு 6 முதல் 19 கி.மீ., இதுதான் பட்டக் காற்று. தூசியும் காகிதமும் பறக்க ஆரம்பித்தால் 4. அப்போது சின்னக் கையில் நூலைக் கொடுக்காதீர்கள்.

சுற்றிச் சுற்றித் தலைகுப்புற வந்தால் வால் போதவில்லை. பட்டத்தின் நீளத்தைப்போல ஐந்தாறு மடங்கு துணி வால் கட்டிப் பாருங்கள். ஏறாமல் படபடவென்று இழுத்துக்கொண்டே நின்றால் சூத்திர முடிச்சை (பட்டத்தில் கட்டிய நூல்களோடு கைநூல் சேரும் இடம்) ஒரு சென்டிமீட்டர் மேலே, மூக்குப் பக்கம் ஏற்றுங்கள். இதற்குமேல் நுணுக்கம் பார்ப்பவர்கள் பெரியவர்களின் போட்டிக்குப் போகட்டும்.

மாஞ்சா நூல் வேண்டவே வேண்டாம், வெறும் பருத்தி நூல் போதும். மின்கம்பி இல்லாத வெட்டவெளி வேண்டும். கம்பியில் மாட்டினால் நூலை விட்டுவிட்டு விலகுங்கள், இழுக்கக் கூடாது. இடி கேட்டால் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு.

சின்னவன்அப்பா:
மணல். கடற்கரை வேண்டுமென்பதில்லை, ஒரு கூடை மணல் போதும். கோட்டை இடிந்து விழுவது எப்போதும் தண்ணீர்க் கணக்கால்தான். மணல் துகள்களை ஒட்டிவைப்பது அவற்றுக்கு நடுவே பாலம்போல நிற்கும் மெல்லிய நீர். நீர் இல்லாவிட்டால் பிடிப்பு இல்லை, இடைவெளி முழுக்க நிரம்பிவிட்டாலும் பிடிப்பு போய்விடும். எட்டு டப்பா காய்ந்த மணலுக்கு ஒரு டப்பா தண்ணீரில் தொடங்குங்கள். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. கசிந்தால் இன்னும் இரண்டு கை காய்ந்த மணல்.

வாளியைக் கவிழ்ப்பதில்தான் பிள்ளைகள் அழுவார்கள், பாதி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பழைய பிளாஸ்டிக் டப்பாவின் அடியை வெட்டி எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் திறந்த குழாய் கிடைக்கும், வெட்டிய ஓரத்துக்கு ஒட்டுநாடா. அகலமான வாயைக் கீழே வைத்து, நான்கு விரல் உயரம் மணல் போட்டு முஷ்டியால் குத்தி இறுக்கி, அதன்மேல் அடுத்த அடுக்கு. நிரம்பியதும் பக்கங்களைத் தட்டி, டப்பாவை நேராக மேலே உருவுங்கள். கோபுரம் அப்படியே நிற்கும். ஜன்னல் செதுக்க ஸ்பூன் போதும். செதுக்குவது மேலிருந்து கீழே, இல்லையென்றால் விழும் மணல் செய்த வேலையை மூடிவிடும்.

குழி தோண்டினால் பிள்ளையின் முழங்காலுக்குமேல் ஆழம் போகக் கூடாது. ஈரம் காய்ந்ததும் சுவர் சரியும். கிளம்பும் முன் குழியை மூடிவிடுங்கள். வீட்டு மணலை இரவில் மூடி வைக்காவிட்டால் பூனை வந்து அசுத்தம் செய்துவிடும்.

விடியல்காரி:
இரண்டு வயதுக்காரர்களை மறந்துவிட்டீர்கள். ஒரு டப்பாவில் நாலு விரல் தண்ணீர், பழைய பெயிண்ட் பிரஷ் ஒன்று, சிமெண்டுச் சுவர் அல்லது தரை. தண்ணீரால் 'பெயிண்ட்' அடிக்கட்டும். வரைந்தது வெயிலில் மறைய மறைய மறுபடி அடிப்பார்கள். கறையில்லை, கழுவும் வேலையில்லை. நிழல் பாதி வெயில் பாதியான சுவரானால் எந்தப் பக்கம் முதலில் காய்கிறது என்று காட்டலாம். தண்ணீரை வாளியில் வைக்காதீர்கள். இந்த வயதுப் பிள்ளை தலைகீழாக விழுந்தால் சில சென்டிமீட்டர் தண்ணீரே மூச்சை அடைக்கும். விளையாட்டு முடிந்த கணமே கொட்டிவிடுங்கள்.

மொட்டைமாடி:
ஓடியாடிய பிறகு உட்காரவைக்க எறும்பு. கறுப்புச் சிற்றெறும்பு போகும் இடமாகப் பாருங்கள். கடிக்கும் கட்டெறும்பும் சிவப்பெறும்பும் வேண்டாம். தபாலட்டை அளவுத் தாளின் நடுவில் சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு, எறும்பு வரிசையிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஒன்று கண்டுபிடிக்கும், குடித்துவிட்டுத் திரும்பும். கொஞ்ச நேரத்தில் தாள்மேல் எறும்புகள் தெளிவான கோடாகப் போகும். முன்னே போன எறும்பு விட்டுச்சென்ற வாசனைக் கோடு அது. இப்போது ஈரவிரலால் கோட்டைக் குறுக்கே ஒருமுறை துடையுங்கள். வருகிற எறும்பெல்லாம் அந்த இடத்தில் நின்று, உணர்கொம்பை ஆட்டி, இடதும் வலதும் தேடும். ஒன்று கடந்துவிட்டால் மற்றவை தொடரும். நான்கு வயதுப் பிள்ளைகூட இதைக் குனிந்தபடி பார்க்கும். சொட்டு பெரிதாக இருந்தால் எறும்பு மூழ்கிவிடும், குச்சி நுனியால் வையுங்கள்.

நடைவண்டி:
சும்மா நடக்கப் போனாலே போதும், கையில் முட்டை அட்டை இருந்தால். ஆறு குழி உள்ள துண்டாக வெட்டி, ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு நிறம் பூசுங்கள். அந்த நிறத்தில் கீழே விழுந்து கிடப்பதை மட்டும் எடுக்க வேண்டும், பறிக்கக் கூடாது. பச்சையும் பழுப்பும் ஒரு நிமிடத்தில் நிரம்பிவிடும், ஆகவே அவற்றில் மூன்று சாயல் வையுங்கள். படிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு நிறம் சலித்துவிடும். 'சொரசொர', 'வழவழ', 'ஓட்டை உள்ளது', 'வாசம் வருவது' என்று எழுதுங்கள்.

தூரத்தை இப்படிப் போகிறவர்கள் குறைத்தே திட்டமிடுங்கள். மூன்று வயதுப் பிள்ளை கல்லுக்கெல்லாம் நின்றால் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகும். பாதித் தெம்பில் திரும்ப வேண்டும், முழுக்கக் களைத்தபின் திரும்பினால் தோளில்தான் வருவார்கள்.

குன்றிமணி, ஆமணக்கு விதை, அரளியின் எந்தப் பாகமும் அட்டைக்குள் வரக் கூடாது, மூன்றும் விஷம். மூன்று வயதுக்குக் கீழே கழிப்பறைத் தாள்சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழைகிற எதையும் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

தாழ்வாரம்:
ஒன்று விட்டுப்போயிற்று, செலவு ஒரு சாக்பீஸ். காலையில் தரையில் பிள்ளையின் பாதங்களைச் சுற்றிக் கோடு போட்டு, நிழலையும் வரையுங்கள். மதியமும் மாலையும் அதே பாதத் தடத்தில் நிறுத்தி வேறு நிறத்தில் வரையுங்கள். பாதம் ஒரு சாண் நகர்ந்தாலும் படம் குழம்பிவிடும். பெரிய பிள்ளைக்கு ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு, நிழல் நுனியில் ஒரு கல், இருபது நிமிடம் கழித்து மறுபடி ஒரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு, ஏறத்தாழ. குச்சி சாயாமல் இருக்கிறதா என்று, நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். சூரியனை நேராகப் பார்க்கவிடாதீர்கள், முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும்.