'ஏமாறாப் பரிமாற்றம்': ஃபேர் எக்ஸ்சேஞ்சுக்கு என் பரிந்துரை

> 'நியாயப் பரிமாற்றம்' என்றே வைத்துவிடலாமே, அகராதியிலும் ஃபேர் என்றால் நியாயம்தானே.

அண்ணாச்சி, இதை மட்டும் ஏற்க முடியவில்லை. நியாயம் என்றதும் நம் ஆட்களுக்கு விலைதான் மனதில் வரும், நியாய விலைக் கடை என்று ஊர் ஊராகப் பலகை தொங்குகிறது. ஃபேர் எக்ஸ்சேஞ்ச் என்பதோ கணினி வலையில் ஒருவரையொருவர் நம்பாத இருவர் கொடுத்து வாங்குவதற்கான நெறிமுறை, அதற்கு விலையைப் பற்றிக் கவலையே இல்லை. மார்த்தாண்டத்துக்காரர் ஒரு குப்பித் தேனை இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறார், சென்னையில் இருப்பவர் சரி என்கிறார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. யார் முதலில் கொடுப்பது என்பதுதான் சிக்கல். பணம் முதலில் போனால் தேன் வராமல் போகலாம், தேன் முதலில் போனால் பணம் வராமல் போகலாம். முடிவில் இருவருக்கும் கிடைக்க வேண்டும், அல்லது இருவருக்குமே கிடைக்கக் கூடாது. ஒருவர் கையில் இரண்டும் சேர்ந்துவிடக் கூடாது, இவ்வளவுதான் அதன் இலக்கணம்.

'கைமாற்று' நம் பக்கம் பத்திரமில்லாமல் வாங்கும் கடன், அது ஆகாது. 'உடன்மாற்று' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரே நொடியில் மாற வேண்டும் என்று பொருள்படும். நெறிமுறை அப்படிக் கேட்கவில்லை, முன்பின்னாக நடந்தாலும் முடிவு சரியாக இருந்தால் போதும். அதனால்தான் 'ஏமாறாப் பரிமாற்றம்' என்கிறேன். பண்பைக் குறிக்க 'ஏமாறாமை' என்ற சொல்லும் கூடவே கிடைத்துவிடுகிறது.

அடுத்து, இருவருக்கும் நடுவே நிற்கும் மூன்றாம் ஆள். நம்பகமான ஒருவர் இல்லாமல் இதை உறுதியாகச் செய்யவே முடியாது என்று 1999-இல் பாக்னியா, கேர்ட்னர் என்ற கணினி ஆய்வாளர்கள் நிறுவினார்கள், ஆகவே அவருக்கு நல்ல பெயர் வேண்டும். 'இடைத்தரகர்' வேண்டாம், கமிஷன் வாசனை அடிக்கிறது. 'நடுவர்' போதும். எல்லாமே அவர் வழியாகப் போனால் வழிநடுவர், ஒவ்வொரு பரிமாற்றத்திலும் தலைகாட்டி, ஆனால் எல்லாச் செய்தியையும் சுமக்காமல் இருந்தால் உடன்நடுவர். தகராறு வந்தால் மட்டும் கூப்பிடும் முறையை 1997-இல் அசோகன், ஷுண்டர், வைட்னர் மூவரும் முன்வைத்தார்கள். ஆங்கிலத்தில் அது 'ஆப்டிமிஸ்டிக்'. போன மடலில் யாரோ 'நம்பிக்கைவாத' என்று போட்டிருந்தார்கள், படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. 'வழக்குநடுவர் முறை' என்றால் வேலை என்னவென்று பெயரிலேயே தெரிகிறது.

ஏமாறாமையிலும் இரண்டு வகை உண்டு, இங்கேதான் நாம் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். தோவாளையிலிருந்து வெளியூருக்கு பஸ்ஸில் ஏற்றிவிட்ட பிச்சிப் பூவை நடுவரால் திரும்ப வாங்கித் தர முடியாது, வந்து சேரும்போது வாடியிருக்கும். அவரே புதிதாக உண்டாக்கித் தரவும் முடியாது. ஆனால் பணம் அவர் கட்டுப்பாட்டில் இருக்கும்வரை அதைத் திருப்பிவிடலாம், அப்போது கிடைப்பது வன் ஏமாறாமை. விற்பவர் பணத்தை எடுத்துவிட்ட பிறகு நடுவரிடம் மிஞ்சுவது சான்று மட்டும், அதை வைத்துக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அது மென் ஏமாறாமை. திருப்பக்கூடிய பொருளுக்கு 'மீள்பொருள்' என்றும், நடுவரே உண்டாக்கித் தரக்கூடியதற்கு 'ஆக்குபொருள்' என்றும் எழுதிப் பார்த்தேன். முதலாவது பரவாயில்லை. இரண்டாவது எனக்கே ஒட்டவில்லை, மின்கையெழுத்து, மறையாக்கச் சாவி போன்றவற்றுக்கும் பொருந்துகிற மாதிரி வேறு சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.